உலகக் கோப்பை அழைப்பை மறுத்த வீரர்: ஃபிளாரன்ஸ் முதல் மரக்கானா வரை ஜூலினோவின் வாழ்க்கை

உலகக் கோப்பையில் ஆடும் வாய்ப்புக்காகத் தவம் கிடந்த கால்பந்து வீரர்கள் ஏராளம். கைக்கு வந்த அந்த வாய்ப்பை, தனக்கு அதில் உரிமை இல்லை என்று கருதித் தானாகவே விலக்கிவைத்தவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரில் முதன்மையாக நினைக்கப்படுபவர் பிரேசிலின் வலது விங்கர் ஜூலியோ போட்டேலியோ. கால்பந்து உலகம் அவரை ஜூலினோ என்ற செல்லப் பெயரால் அறியும்.

1958-ஆம் ஆண்டு ஸ்வீடனில் பிரேசில் தனது முதல் உலகக் கோப்பையை வென்றபோது ஜூலினோ அந்த அணியில் இல்லை. அப்போது அவருக்கு வயது 28. ஆட்டத்தின் உச்சத்தில் இருந்தார். இத்தாலியின் ஃபியோரெண்டினா கிளப் தனது வரலாற்றின் முதல் சாம்பியன் பட்டத்தை வெல்ல அவர் பெரும் காரணமாக இருந்திருந்தார். எனினும், உள்நாட்டில் ஆடிக்கொண்டிருக்கும் வீரர்களுக்கே அந்த இடம் உரியது என்று கூறி, தேசிய அணியின் அழைப்பை அவர் ஏற்க மறுத்தார்.

இன்று பிரேசில் அணியில் ஐரோப்பிய கிளப்புகளின் வீரர்களே பெரும்பான்மையினர். அந்நிய மண்ணில் ஆடுவது தேசிய அணிக்குச் செல்லும் வழியாகவே மாறிவிட்டது. 1950-களில் நிலைமை நேர்மாறாக இருந்தது. கடல் கடந்து சென்றவர், பெரும்பாலும் தாய்நாட்டின் சீருடையையும் கரையிலேயே விட்டுச் செல்ல வேண்டியிருந்தது. அந்தக் காலத்தின் நெருக்கடியை ஜூலினோவின் வாழ்க்கை தெளிவாகக் காட்டுகிறது.

சாவ் பாவ்லோவில் தொடக்கம்

ஜூலினோ 1929-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் தேதி சாவ் பாவ்லோ நகரில் பிறந்தார். நகரின் கிழக்கே உள்ள பென்யா பகுதியே அவரது சொந்த இடம். புகழின் உச்சிக்குச் சென்ற பின்னரும் அந்தப் பகுதியுடனான உறவை அவர் விடவில்லை.

அக்காலத்தில் சாவ் பாவ்லோ, குடியேறியவர்களின் நகரமாக வளர்ந்துகொண்டிருந்தது. கால்பந்து கிளப்புகளும் அந்தந்தச் சமூகங்களின் அடையாளங்களாக விளங்கின. ஜூலினோ தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கிய ஜுவெண்டஸ் கிளப், மோக்கா பகுதியில் இத்தாலியக் குடும்பம் ஒன்றுக்குச் சொந்தமான பருத்தி ஆலையின் தொழிலாளர்களால் உருவாக்கப்பட்டது. 1951-இல் அவர் சேர்ந்த போர்த்துகேசா, போர்த்துகீசியக் குடியேறிகளின் கிளப். பிற்காலத்தில் அவர் ஆடிய பால்மெய்ராஸ், இத்தாலியர்களால் 1914-இல் பாலெஸ்ட்ரா இத்தாலியா என்ற பெயரில் தொடங்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரின்போது 1942-இல் பெயர் மாற்றப்பட்டது.

போர்த்துகேசாவில்தான் ஜூலினோவின் பெயர் நாடு முழுவதும் பரவியது. 1951-ஆம் ஆண்டு கொரிந்தியன்ஸ் அணியை போர்த்துகேசா 7-3 என்ற கோல் கணக்கில் வீழ்த்திய ஆட்டத்தில் அவர் மட்டும் நான்கு கோல்கள் அடித்தார். கொரிந்தியன்ஸ், பால்மெய்ராஸ், சாவ் பாவ்லோ ஆகிய பெரிய கிளப்புகளின் நிழலில் இருந்த போர்த்துகேசா, 1952-லும் 1955-லும் ரியோ–சாவ் பாவ்லோ தொடரை வென்றது. டிஜால்மா சாண்டோஸ், பிராண்டாவ்சினோ, பிங்கா போன்ற வீரர்கள் அக்காலத்தில் அவருடன் ஆடினர்.

விங்கர் என்பவர் பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி நின்று, எதிரணித் தற்காப்பு வீரரைத் தாண்டிச் சென்று, நடுவில் காத்திருக்கும் முன்கள வீரருக்குப் பந்தை அனுப்ப வேண்டும். இதுவே அன்றைய வழக்கம். ஜூலினோ இந்தப் பணியைக் குறைவின்றிச் செய்ததோடு, உள்நோக்கி வெட்டித் திரும்பித் தானே கோல் அடிக்கும் ஆற்றலும் பெற்றிருந்தார். வேகமும் உடல் வலிமையும் பலமான உதையும் ஒருங்கே அமைந்த விங்கர்கள் அப்போது அரிது.

மஞ்சள் சீருடையும் பெர்ன் நகரப் போரும்

1950 உலகக் கோப்பையைச் சொந்த மண்ணில் உருகுவேயிடம் 1-2 என இழந்த துயரத்திலிருந்து பிரேசில் மீள முயன்ற காலம் அது. 1952-இல் சிலியின் சாண்டியாகோ நகரில் நடைபெற்ற பான் அமெரிக்கக் கால்பந்துத் தொடரை பிரேசில் வென்றபோது ஜூலினோ அணியில் இருந்தார். மறு ஆண்டு பெருவின் லீமாவில் நடந்த தென் அமெரிக்க சாம்பியன்ஷிப்பில், பொலிவியாவுக்கு எதிரான 8-1 வெற்றியில் அவர் நான்கு கோல்கள் அடித்தார். பட்டத்தை முடிவு செய்த கூடுதல் ஆட்டத்தில் பராகுவேயிடம் தோற்று பிரேசில் இரண்டாம் இடம் பெற்றது.

1954-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் நடந்த உலகக் கோப்பைக்கு பிரேசில் புதிய தோற்றத்துடன் சென்றது. 1950 தோல்வியின் நினைவைச் சுமந்த வெள்ளைச் சீருடை கைவிடப்பட்டு, மஞ்சள் சட்டை முதன்முறையாக உலகக் கோப்பையில் அணியப்பட்டது. மெக்சிகோவை 5-0 என வென்ற முதல் ஆட்டத்தில் ஜூலினோ ஒரு கோல் அடித்தார்.

ஜூன் 27-ஆம் தேதி பெர்ன் நகரில் நடந்த காலிறுதியில் பிரேசிலின் எதிரணி ஹங்கேரி. நான்கு ஆண்டுகளாகத் தோல்வியே காணாத அந்த அணி, தலைசிறந்த வீரரான புஷ்காஷ் காயத்தால் ஆடாத நிலையிலும் முதல் சில நிமிடங்களிலேயே இரண்டு கோல்கள் அடித்தது. டிஜால்மா சாண்டோஸ் பெனால்டி மூலம் ஒன்றைத் திருப்பினார். இரண்டாம் பாதியில் ஹங்கேரி பெனால்டி வாயிலாக 3-1 என முன்னேறிய ஐந்து நிமிடங்களுக்குள், வலப்புறத்திலிருந்து ஜூலினோ அடித்த பலமான உதை வலைக்குள் பாய்ந்தது. பிரேசிலின் நம்பிக்கை உயிர் பெற்றது. ஆனால் இறுதி நேரத்தில் கோச்சிஷ் அடித்த கோலுடன் ஹங்கேரி 4-2 என வென்றது.

ஆட்டம் கைகலப்பாகச் சீரழிந்தது. மூன்று வீரர்கள் வெளியேற்றப்பட்டனர். ஆட்டம் முடிந்த பின்னரும் உடைமாற்று அறைப் பகுதியில் சண்டை தொடர்ந்தது. வரலாற்றில் பெர்ன் நகரப் போர் என்றே அந்த ஆட்டம் பதிவாகியுள்ளது. அந்தக் களேபரத்தின் நடுவேயும் ஜூலினோவின் ஆட்டம் ஐரோப்பியப் பார்வையாளர்களின் நினைவில் தங்கியது. உலகக் கோப்பையில் அவர் ஆடிய கடைசி ஆட்டமும் அதுவாகவே அமைந்தது.

இத்தாலியின் அழைப்பு

1955-ஆம் ஆண்டு இத்தாலிய கிளப்புகள் பிரேசில் பக்கம் பார்வையைத் திருப்பின. பொட்டாஃபோகோ கிளப்பிலிருந்து டினோ ட கோஸ்டா ரோமாவுக்கும் வினீசியோ நேப்போலிக்கும் சென்றனர். அதே ஆண்டில் ஜூலினோவை ஃபியோரெண்டினா ஒப்பந்தம் செய்தது.

இத்தாலிய வம்சாவளி கொண்ட தென் அமெரிக்க வீரர்கள் அக்காலத்தில் இத்தாலியக் குடியுரிமை பெற்று அந்நாட்டு அணிக்கே ஆடுவது வழக்கமாக இருந்தது. ஜூலினோவுடன் அதே ஆண்டில் ஃபியோரெண்டினாவில் சேர்ந்த அர்ஜென்டினா வீரர் மிகேல் மொந்துவோரி பின்னர் இத்தாலியின் நீலச் சீருடையை அணிந்தார். டினோ ட கோஸ்டாவும் இத்தாலிக்காக ஆடினார். ஜூலினோ பிரேசில் வீரராகவே இருந்தார்.

ஃபியோரெண்டினாவின் பயிற்சியாளர் ஃபுல்வியோ பெர்னார்தினி, இத்தாலியக் கால்பந்தில் சிந்தனையாளராக மதிக்கப்பட்டவர். உறுதியான தற்காப்பைக் கொண்ட ஓர் அணியை அவர் ஏற்கெனவே கட்டியிருந்தார். கோல்கீப்பர் சார்ட்டி, தற்காப்பில் மக்னினி, செர்வாட்டோ, ரொசெட்டா, நடுகளத்தில் கியாப்பெல்லா, செகாட்டோ ஆகியோர் அதன் தூண்கள். முன்களத்தில் இளம் வீரர் விர்ஜிலி கோல் அடிக்கக் காத்திருந்தார். எதிரணியின் அரணைப் பிளந்து பந்தைக் கொண்டுவந்து தருபவர் ஒருவரே தேவைப்பட்டார்.

பெர்னார்தினி இரு ஓரங்களையும் வெவ்வேறு விதமாக அமைத்தார். இடது விங்கரான பிரினி பின்னுக்கு இறங்கி நடுகளத்துக்குத் துணை நின்றார். அதனால் கிடைத்த சமநிலையைக் கொண்டு, வலது ஓரத்தில் ஜூலினோவுக்கு முழுச் சுதந்திரம் அளிக்கப்பட்டது. மெல்லிய மீசையுடன், நிமிர்ந்த உடலுடன் அவர் பந்தை எடுத்துச் செல்லும் காட்சியை ஃபிளாரன்ஸ் நகரம் விரைவிலேயே தன்னுடையதாக்கிக்கொண்டது.

ஒரே ஒரு தோல்வி

1955–56 பருவத்தில் ஃபியோரெண்டினா நிகழ்த்திய சாதனை இன்றும் பேசப்படுகிறது. சீரி ஏ லீக்கின் 34 ஆட்டங்களில் 20 வெற்றி, 13 டிரா, ஒரே ஒரு தோல்வி. அந்தத் தோல்வியும் பட்டம் உறுதியாகிப் பல வாரங்கள் கழிந்தபின், பருவத்தின் கடைசி நாளில் ஜெனோவாவிடம் ஏற்பட்டது. அதற்கு முந்தைய 33 ஆட்டங்களில் எந்த அணியாலும் ஃபியோரெண்டினாவை வெல்ல இயலவில்லை.

வெற்றிக்கு இரண்டு புள்ளிகள் மட்டுமே வழங்கப்பட்ட அக்காலத்தில், இரண்டாம் இடம் பெற்ற மிலான் அணியைவிட 12 புள்ளிகள் கூடுதலாகப் பெற்று ஃபியோரெண்டினா சாம்பியன் ஆனது. மிலான், டூரின் ஆகிய வடக்கு நகரங்களின் செல்வந்த கிளப்புகள் ஆதிக்கம் செலுத்திய லீக்கில், கலைகளுக்குப் பெயர்பெற்ற ஃபிளாரன்ஸ் நகரம் முதன்முறையாகப் பட்டத்தை ஏந்தியது. அதன்பிறகு 1969-இல் மட்டுமே அந்த கிளப் மீண்டும் சாம்பியன் ஆனது. எனவே, முதல் பட்டத்தை வென்ற பதினொருவரின் பெயர்கள் அந்நகரில் தலைமுறை தாண்டி நினைவில் உள்ளன. ஜூலினோவின் பெயர் அவற்றில் முன்வரிசையில் நிற்கிறது.

விர்ஜிலியின் கோல்கள் பலவற்றுக்கு ஜூலினோவின் ஓட்டமே தொடக்கம். விங்கரின் மதிப்பைக் கோல் எண்ணிக்கையால் மட்டும் அளக்க முடியாது. ஆயினும், மூன்று பருவங்களில் 89 லீக் ஆட்டங்களில் அவர் அடித்த 22 கோல்கள், தற்காப்புக்கே முதலிடம் அளித்த இத்தாலிய ஆட்டமுறையில் குறைவானவை அல்ல.

மாட்ரிட் இரவு

சாம்பியன் பட்டம் ஃபியோரெண்டினாவுக்கு ஐரோப்பியக் கோப்பையின் கதவைத் திறந்தது. அப்போது அத்தொடர் தொடங்கி ஓராண்டே ஆகியிருந்தது. ஸ்வீடனின் நார்ஷோப்பிங், சுவிட்சர்லாந்தின் கிராஸ்ஹாப்பர், யூகோஸ்லாவியாவின் ரெட் ஸ்டார் பெல்கிரேட் ஆகிய அணிகளைத் தாண்டி, அத்தொடரின் இறுதிப்போட்டிக்கு முன்னேறிய முதல் இத்தாலிய கிளப் என்ற பெருமையை ஃபியோரெண்டினா பெற்றது.

1957 மே 30-ஆம் தேதி நடந்த இறுதிப்போட்டிக்கான மைதானம் ரியல் மாட்ரிட்டின் சொந்த இடமான சாண்டியாகோ பெர்னபாவ். நடப்புச் சாம்பியனான அந்த அணிக்கு ஆதரவாக 1,20,000-க்கும் மேற்பட்டோர் திரண்டிருந்தனர். எழுபது நிமிடங்கள் வரை ஃபியோரெண்டினாவின் தற்காப்பு அசையவில்லை. பின்னர் வழங்கப்பட்ட பெனால்டியை டி ஸ்டெஃபானோ கோலாக்கினார். தவறு பெனால்டிப் பகுதிக்கு வெளியே நிகழ்ந்தது என்ற சர்ச்சை நெடுங்காலம் நீடித்தது. சில நிமிடங்களில் ஹெண்டோ இரண்டாவது கோலை அடிக்க, மாட்ரிட் 2-0 என வென்றது.

அதே பருவத்தில் இத்தாலிய லீக்கில் மிலானுக்கு அடுத்ததாகவும், மறு பருவத்தில் ஜுவெண்டஸுக்கு அடுத்ததாகவும் ஃபியோரெண்டினா இரண்டாம் இடம் பெற்றது. மூன்று ஆண்டுகளில் ஒரு பட்டமும் இரண்டு இரண்டாம் இடங்களும் ஓர் ஐரோப்பிய இறுதிப்போட்டியும் ஜூலினோவின் இத்தாலியக் கணக்கில் சேர்ந்தன. புகழும் ஊதியமும் இருந்தபோதிலும் தாய்நாட்டு ஏக்கம் அவரை விட்டு அகலவில்லை. சாவ் பாவ்லோவுக்குத் திரும்பும் எண்ணம் ஆண்டுக்கு ஆண்டு வலுத்தது.

மறுக்கப்பட்ட அழைப்பு

1958 உலகக் கோப்பை நெருங்கியபோது தென் அமெரிக்க நாடுகள் அனைத்தும் ஒரே கேள்வியை எதிர்கொண்டன. ஐரோப்பாவுக்குச் சென்றுவிட்ட சிறந்த வீரர்களை அழைப்பதா, உள்நாட்டு வீரர்களை மட்டும் கொண்டு அணியை அமைப்பதா?

அர்ஜென்டினா இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. 1957-இல் தென் அமெரிக்க சாம்பியன் பட்டத்தை வென்று தந்த சீவோரி, மாஸ்கியோ, ஆஞ்செலில்லோ ஆகிய மூவரும் அதே ஆண்டில் இத்தாலி சென்றனர். உலகக் கோப்பைக்கு அவர்கள் அழைக்கப்படவில்லை. ஸ்வீடனில் செக்கோஸ்லோவாக்கியாவிடம் 1-6 எனத் தோற்று, முதல் சுற்றிலேயே அர்ஜென்டினா வெளியேறியது. பிரேசிலும் பார்சிலோனாவில் ஆடிய எவரிஸ்டோ இல்லாமலேயே ஸ்வீடன் சென்றது.

இத்தகைய சூழலில் ஜூலினோவுக்கு மட்டும் விதிவிலக்காகக் கதவு திறக்கப்பட்டது. பிரேசில் கூட்டமைப்பு அவரை அழைக்க விரும்பியது. வலது ஓரத்தில் அவருக்கு இணையான அனுபவம் உள்ளவர் அப்போது நாட்டில் இல்லை. பொட்டாஃபோகோவின் கரிஞ்சா மாயாஜாலம் நிகழ்த்தும் வீரர் என்றாலும் உலக அரங்கில் இன்னும் சோதிக்கப்படாதவர்.

ஜூலினோ மறுத்துவிட்டார். வெளிநாட்டில் ஆடிக்கொண்டிருக்கும் தான், உள்நாட்டு மைதானங்களில் ஆண்டு முழுவதும் உழைத்த ஒருவரின் இடத்தைப் பறிப்பது முறையல்ல என்பதே அவர் கூறிய காரணம். கோபமோ பேரமோ அந்த முடிவில் இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் பெர்ன் நகரில் தோற்ற அணியின் வீரருக்கு, அந்தத் தோல்விக்கு ஈடுசெய்ய அதுவே நல்வாய்ப்பு. அடுத்த உலகக் கோப்பையின்போது அவருக்கு வயது 32 ஆகியிருக்கும் என்பதும் வெளிப்படை. அனைத்தையும் அறிந்தே அவர் விலகினார்.

வலது விங்கர்களாக ஜோயலும் கரிஞ்சாவும் ஸ்வீடன் சென்றனர். முதல் இரண்டு ஆட்டங்களில் வெளியே அமர்த்தப்பட்ட கரிஞ்சா, சோவியத் யூனியனுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில் களமிறங்கியதும் தொடரின் போக்கே மாறியது. ஜூன் 29-ஆம் தேதி இறுதிப்போட்டியில் ஸ்வீடனை 5-2 என வென்று பிரேசில் உலக சாம்பியன் ஆனது. 17 வயது பீலேயும் கரிஞ்சாவும் ஒரே இரவில் உலகப் புகழ் பெற்றனர். ஜூலினோ விட்டுக்கொடுத்த இடம், கால்பந்து வரலாற்றின் ஒப்பற்ற விங்கர்களில் ஒருவரின் பிறப்பிடமாக மாறியது.

மரக்கானாவின் கூச்சல்

உலகக் கோப்பை நடந்த அதே ஆண்டில் ஜூலினோ தாயகம் திரும்பி பால்மெய்ராஸ் கிளப்பில் சேர்ந்தார். இப்போது அவர் உள்நாட்டு வீரர். அவர் முன்வைத்த அதே நியாயத்தின்படி, தேசிய அணியில் இடம் கோரும் தகுதி அவருக்கு முழுமையாக வந்துவிட்டது.

1959 மே 13-ஆம் தேதி ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிரான நட்புமுறை ஆட்டம். உலக சாம்பியன் அணியைக் காண ஒரு லட்சத்துக்கும் அதிகமான ரசிகர்கள் கூடியிருந்தனர். பயிற்சியாளர் விசென்டே ஃபியோலா கரிஞ்சாவை நிறுத்திவிட்டு, வலது ஓரத்தில் ஜூலினோவைத் தேர்ந்தெடுத்தார்.

அணிப் பட்டியல் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டபோது, ஜூலினோவின் பெயரைக் கேட்டு மைதானம் முழுவதும் எதிர்ப்புக் கூச்சல் எழுந்தது. அதற்குக் காரணங்கள் உண்டு. கரிஞ்சா ரியோ நகரின் கிளப்பில் ஆடியவர். ரியோ மக்களின் செல்லப்பிள்ளை. ஜூலினோவோ போட்டி நகரமான சாவ் பாவ்லோவைச் சேர்ந்தவர். உலகக் கோப்பையை வென்று தந்தவரை நிறுத்திவிட்டு, அந்த வெற்றியில் பங்கே இல்லாதவரைக் களமிறக்குவதாக ரசிகர்கள் எண்ணினர். ஓராண்டுக்கு முன் அந்த இடத்தை விட்டுக்கொடுத்தவரே அவர்தான் என்பதை அன்றைய கூட்டம் நினைத்துப் பார்க்கவில்லை.

ஒரு லட்சம் பேர் ஒருசேர எழுப்பும் ஏளனத்தின் நடுவே, சொந்த நாட்டின் சீருடையில், சொந்த நாட்டு மைதானத்தில் களமிறங்குவது எந்த வீரரையும் நிலைகுலையச் செய்யக்கூடியது. ஜூலினோ பதில் சொல்லச் சில நிமிடங்களே எடுத்துக்கொண்டார். ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அவர் அடித்த பந்து இங்கிலாந்தின் வலைக்குள் சென்றது. முப்பது நிமிடங்கள் ஆவதற்குள் என்ரிக்கே அடித்த இரண்டாவது கோலுக்கும் வழி அமைத்தவர் அவரே. பிரேசில் 2-0 என வென்றது.

ஏளனம் மெல்ல அடங்கி மௌனமாகி, மௌனம் பாராட்டாகியது. ஆட்டம் முடியும்போது, அவரை விரட்டத் துடித்த அதே கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பிரேசில் கால்பந்து வரலாற்றில் ரசிகர்களின் மனம் தொண்ணூறு நிமிடங்களுக்குள் இவ்வளவு முழுமையாக மாறிய நிகழ்வுகள் மிகக் குறைவு.

1958-இல் மறுத்ததும் 1959-இல் ஏற்றதும் வெளிப்பார்வைக்கு முரணாகத் தோன்றலாம். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. தேசிய அணியின் இடம் பழைய புகழுக்குரிய பரிசு அன்று. அந்த நேரத்தில் அந்த மண்ணில் உழைப்பவருக்குரியது என்பதே அவரது நிலைப்பாடு. உரிமை இல்லை என்று கருதியபோது உலகக் கோப்பையையே விட்டுக்கொடுத்தார். உரிமை உண்டு என்று கருதியபோது ஒரு லட்சம் பேரின் எதிர்ப்புக்கும் விலகவில்லை.

பால்மெய்ராஸின் பொற்காலம்

பால்மெய்ராஸில் ஜூலினோ 1967 வரை நீடித்தார். 1959-ஆம் ஆண்டின் சாவ் பாவ்லோ மாநிலப் பட்டத்துக்காக பால்மெய்ராஸும் பீலேயின் சாண்டோஸும் சமநிலையில் முடித்ததால், கூடுதல் ஆட்டங்கள் தேவைப்பட்டன. முதல் இரண்டும் டிராவில் முடிந்தன. 1960 ஜனவரியில் பகாயெம்பு மைதானத்தில் நடந்த மூன்றாவது ஆட்டத்தில் பீலே சாண்டோஸை முன்னிலைக்குக் கொண்டுசென்றார். முதல் பாதி முடிவதற்குள் ஜூலினோ சமன் செய்தார். இரண்டாம் பாதியில் ரொமெய்ரோவின் ஃப்ரீ கிக் வெற்றியைத் தந்தது. பீலேயின் சாண்டோஸ் கோலோச்சிய காலத்தில் அதை வீழ்த்திய பட்டம் என்பதால், பால்மெய்ராஸ் ரசிகர்கள் அந்த வெற்றியைத் தனி மதிப்புடன் போற்றுகின்றனர்.

1960-இல் பிரேசில் கோப்பை, 1963-இல் மீண்டும் மாநிலப் பட்டம், 1965-இல் ரியோ–சாவ் பாவ்லோ தொடர் என பால்மெய்ராஸின் வெற்றிகள் தொடர்ந்தன. போர்த்துகேசா காலத்துத் தோழர் டிஜால்மா சாண்டோஸ் இங்கும் அவருக்குப் பின்னால் வலது தற்காப்பில் நின்றார்.

1962 சிலி உலகக் கோப்பையிலும் ஜூலினோவுக்கு இடம் அமையவில்லை. கரிஞ்சா முதன்மை வீரராகவும் ஜாயிர் ட கோஸ்டா மாற்று வீரராகவும் சென்றனர். பிரேசில் மீண்டும் வென்றது. இரண்டு உலகக் கோப்பை வெற்றிகளின் காலத்தில் வாழ்ந்தும் ஒன்றிலும் பங்கு பெறாத பெரும் வீரராக ஜூலினோ எஞ்சினார்.

அவருக்குக் கடைசியாக ஒரு மரியாதை காத்திருந்தது. 1965 செப்டம்பர் 7-ஆம் தேதி, பிரேசிலின் சுதந்திர நாளன்று, பெலோ ஓரிசோன்டே நகரின் புதிய மினெய்ராவ் மைதானத் திறப்பு விழாத் தொடரில் உருகுவேக்கு எதிராக தேசிய அணி ஆடியது. அன்று பிரேசிலின் சீருடையை அணிந்து களமிறங்கியவர்கள் அனைவரும் பால்மெய்ராஸ் வீரர்கள். 36 வயது ஜூலினோவும் அவர்களில் ஒருவர். பிரேசில் 3-0 என வென்றது.

காலம் மாற்றிய விதி

ஜூலினோவின் முடிவுக்குப் பின்னரும் பல ஆண்டுகள் நிலைமை மாறவில்லை. 1958-இல் சாம்பியன் அணியில் இருந்த ஆல்டஃபினி மிலானுக்குச் சென்றபின் பிரேசிலுக்காக ஆடவில்லை. 1962 உலகக் கோப்பையில் இத்தாலியின் சீருடையை அணிந்தார். அட்லெட்டிகோ மாட்ரிட் சென்ற வவாவும் ரியல் மாட்ரிட் சென்ற டிடியும் தாயகம் திரும்பிய பின்னரே 1962 அணியில் இடம் பெற்றனர். 1982-ஆம் ஆண்டு அணியில் ரோமாவின் ஃபால்காவும் அட்லெட்டிகோ மாட்ரிட்டின் டிர்சேவும் சேர்க்கப்பட்டபோது அந்தச் சுவரில் விரிசல் விழுந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் சுவரே இல்லாமல் போனது.

ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபின் ஜூலினோ பயிற்சியாளராகப் பணியாற்றினார். பெரும் விளம்பரமின்றி சாவ் பாவ்லோவிலேயே வாழ்ந்தார். 2003-ஆம் ஆண்டு ஜனவரியில், தனது 73-ஆம் வயதில் அதே நகரில் காலமானார். ஃபியோரெண்டினா கிளப் தனது புகழ்பெற்ற வீரர்களின் வரிசையில் அவருக்கு நிலையான இடம் அளித்துள்ளது. வயலட் நிறச் சீருடையை அணிந்த மிகச் சிறந்த வீரர் யார் என்ற விவாதம் ஃபிளாரன்ஸில் எழும்போதெல்லாம், மூன்றே ஆண்டுகள் ஆடிச் சென்ற இந்தப் பிரேசில் வீரரின் பெயர் தவறாமல் இடம்பெறுகிறது.

பிரேசிலில் வலது விங்கர் என்றதும் முதலில் நினைவுக்கு வருபவர் கரிஞ்சா. அவர் உலகின் கண்ணில் பட்ட அந்த மைதானத்தில், வலது ஓரத்தில் ஓர் இடம் ஏற்கெனவே காலியாக்கி வைக்கப்பட்டிருந்தது. அதை விட்டுச் சென்றவரிடம் உலகக் கோப்பைப் பதக்கம் எதுவும் இல்லை.